பத்துக்கும் இரண்டுக்கும் இடையில்

எங்கள் வீட்டில் எல்லோரும் மீன் தின்பார்கள், ஒருவரும் மீன் பிடிக்க மாட்டார்கள். மடத்துவெளிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். மீன் என்பது காலையில் சைக்கிள் பெட்டியில் வாசல் படலைக்கு வருகிற சாமான். அது எப்படிக் கடலை விட்டு வெளியே வந்தது என்று விசாரிப்பது குடும்பத்துக்கு அழகில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் என் சித்தப்பா ஒருநாள் தூண்டிலோடு வந்து இறங்கினார். அதுவும் கலியாணம் பேசுகிற நேரத்தில்.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. புங்குடுதீவார் பாதிப்பேரைப்போல அவரும் வெளியூரில் கடையில் நின்றவர். நுவரெலியாவில், வெள்ளைக்காரத் துரைமார் வந்து சாமான் வாங்குகிற பெரிய கடை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பேசிய முதல் சம்பந்தம் சாதகம் பொருந்தாமல் போனது. இரண்டாவது, வேலியில் நின்ற ஒரு பூவரசு யாருடைய காணிக்குள் நிற்கிறது என்ற வாக்குவாதத்தில் போனது. மூன்றாவதாகப் பக்கத்துத் தீவில், கரம்பொனில், ஒரு பள்ளிக்கூட ரீச்சரைப் பேசினார்கள். இதுவும் குழம்பினால் இனித் தான் ஒருவரின் படலையையும் திறக்கப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுக்காகத்தான் சித்தப்பாவை லீவு எடுத்துக்கொண்டு வரச்சொன்னது.

அவர் ஒரு பெட்டியோடும் நீளமான ஒரு துணிப்பையோடும் வந்தார். பைக்குள் மூன்று துண்டாகக் கழற்றிவைத்த தடி. மூங்கிலைச் சீவி ஒட்டி, வார்னிஷ் பூசியிருந்தது. ஒன்றோடொன்று பூட்டினால் குசினிக் கூரையில் முட்டும். அடியில் ஒரு சக்கரம், சக்கரத்தில் தடிப்பான பட்டுநூல். கூடவே ஒரு தகரப் பெட்டி. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த இலையான், ஈ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு நுவரெலியாவிலிருந்து யாராவது கொண்டுவருவார்களா என்று கேட்டார். அவை இலையான் இல்லை, கோழியிறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் இலையான் என்று சித்தப்பா விளங்கப்படுத்தினார். அம்மாவுக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

துரைமார் தேயிலைத் தோட்டங்களை விட்டுத் தங்கள் நாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். சீனிக்கும் பாணுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற காலமும் அதுதான். போகிற துரை ஒருவரின் வீட்டுச் சாமான்களைச் சித்தப்பா ஒரு கோப்பைகூட உடையாமல் கட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தச் சந்தோசத்தில் துரை கொடுத்துவிட்டுப் போனது அந்தத் தடி.

எனக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற, நோய்போல ஒரு வருத்தம் எனக்கிருந்தது. வீட்டில் அதைப் பொறுத்துக்கொண்டவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் சொன்னது இது: மலைநாட்டுக் குளிராறுகளில் துரைமார் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு மீன் இருக்கிறது. அது தண்ணீரில் விழுகிற பூச்சியைத்தான் கொத்தும். அதற்காகத்தான் பொய் இலையான். ஆனால் இலையானுக்குப் பாரமில்லை. கல்லை எறியலாம், இறகை எறிய ஏலுமா? ஏலாது. ஆகவே இறகை எறிவதில்லை, நூலை எறிகிறார்கள். தடியைப் பின்னுக்கு எடுத்து, நின்று, முன்னுக்குக் கொண்டுவந்தால் நூல் தலைக்கு மேலே வளைந்து, உருண்டு, நீட்டுக்கு விரிந்துபோய்த் தண்ணீரில் இறங்கும். ஒரு சத்தமும் கேட்காது. கடைக் கணக்குச் சிட்டையோடு ஆற்றங்கரைக்குப் போன இடத்தில் துரை அப்படி எறிவதைப் பார்த்துக்கொண்டு, வந்த அலுவலை மறந்து நின்றாராம். தானும் வாழ்க்கையில் ஒருதரம் அப்படி எறிந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

இங்கே அந்த மீன் இல்லையே என்றேன். மீன் யாருக்கு வேண்டும் என்றார். தெருவுக்கு அங்கால் இருக்கிற வெளியில் தண்ணீரும் இல்லையே என்றேன். பழகுகிறதுக்குப் புல்லுத்தரைதான் நல்லதென்றார். கண்ணிலே குத்திவிடும் என்று இலையானையும் கட்டவில்லை. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பளிநூலில் ஒரு துண்டை வெட்டி நுனியில் முடிந்துகொண்டார்.

மீன் கொண்டுவருகிற மனிதர் அந்தத் தடியை ஒருநாள் கையில் வாங்கி, மேலும் கீழும் தடவிப் பார்த்தார். நல்ல தடி என்றார். பிறகு நுனியைப் பிடித்து, "முள்ளு எங்கை?" என்று கேட்டார். முள்ளு இல்லை என்றார் சித்தப்பா. மீன்காரர் மரியாதையான மனிதர், சிரிக்காமல் தடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தக் கேள்வி அவருடைய சைக்கிளோடு வீடு வீடாகப் போனது. பின்னேரத்துக்குள் தெருவில் போன எல்லோரும் சித்தப்பாவிடம் முள்ளு எங்கே என்று கேட்டார்கள்.

அன்றிரவு அம்மா ஒரு கட்டளை போட்டார். தூண்டில் என்ற சொல் இந்த வீட்டில் கேட்கக்கூடாது. கலியாணம் பேசுகிற மாப்பிள்ளை தூண்டில் வைத்திருக்கிறார் என்று கரம்பொனுக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. யாராவது கேட்டால் றேடியோவுக்கு ஏரியல் என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் றேடியோ இருந்த வீடுகளில் எல்லாம் ஒரு மூங்கிலும் கம்பியும் நின்றபடியால் அது முழுப்பொய்யும் இல்லை என்று அம்மா சமாதானம் சொன்னார். எங்கள் வீட்டில் றேடியோ இருக்கவில்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சித்தப்பா தினமும் காலை பத்து மணிக்கு வெளிக்குள் இறங்குவார். இரண்டு மணிக்குத்தான் ஏறுவார். விடியப் பழகலாம், வெயில் சாய்ந்த பிறகு பழகலாம் என்று அம்மா கெஞ்சினார். ஏலாது என்றார். ஆற்றங்கரையில் துரை தன் சினேகிதருக்கு இந்த வித்தையைப் பழக்கும்போது, பத்துக்கும் இரண்டுக்கும் இடையில், பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் என்று திருப்பித் திருப்பிச் சொன்னதைத் தன் காதால் கேட்டிருக்கிறார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நுவரெலியாவில் பத்து மணிக்குத்தான் பனி விலகும், இரண்டு மணியென்றால் மழை வந்துவிடும். பனியும் மழையும் இல்லாத புங்குடுதீவிலும் அவர் அதே நேரத்தைக் கடைப்பிடித்தார். வாடிக்கைக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்து பழகின மனிதர், என்ன செய்வது.

அந்த வெயிலில் எங்கள் ஆடுகளே வேலி நிழலை விட்டு வெளியே வராது. சித்தப்பா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நின்று வீசுவார். தடி பின்னுக்கு முதுகு வரை போகும், முன்னுக்கு முழங்கால் வரை வரும். சவுக்கடித்ததுபோல ஒரு வெடி கேட்கும், கம்பளிநூல் அறுந்து பறக்கும். இல்லாவிட்டால் பட்டுநூல் முழுவதும் அவருடைய கழுத்தில் மாலையாக விழும். ஏன் வெடிக்கிறது, ஏன் அறுகிறது, ஏன் துரைக்கு மட்டும் போனது என்று நான் பனைக்குக் கீழே குந்தியிருந்து யோசிப்பேன். சித்தப்பாவும் நூலைக் கழுத்திலிருந்து எடுத்தபடி அதையேதான் யோசித்தார். சோளகக் காற்று என்று ஒருநாள் சொன்னார். நூல் பழசாகிவிட்டது என்று இன்னொருநாள் சொன்னார். தன்னால் ஏலாது என்று மட்டும் சொல்லவில்லை.

ஊர் அவ்வளவு பொறுமையாக இருக்குமா? பெடியனுக்கு மலைநாட்டில் யாரோ எதையோ செய்துபோட்டார்கள் என்றார்கள். வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளைக்கு விசர், பட்டப்பகலில் நின்று காற்றுக்கு அடிக்கிறார் என்ற கதை கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி கடந்து கரம்பொனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று அப்பா ஒருநாள் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பதினொரு மணியளவில், எங்கள் படலையில் ஒரு ஏ-ஃபோர்ட்டி கார் வந்து நின்றது. இறங்கியவர் பொம்பிளையின் அண்ணை. நயினாதீவு அம்மனுக்குப் போகிறார்களாம், குறிகட்டுவான் துறையில் வள்ளம் வெளிக்கிட இன்னும் நேரம் இருக்கிறதாம், போகிற வழியில் சும்மா இறங்கினாராம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வழியில் சும்மா இறங்கினால், அதற்காகவே வெளிக்கிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்பா வேட்டியைச் சரிசெய்தபடி கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கடைசிச் சீனியை எடுத்தார். சித்தப்பா வெளியில் நின்றார். பதினொரு மணிக்கு வேறு எங்கே நிற்பார்.

வந்தவர் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார், மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். பிறகு, வரும்போது வெளியில் ஒருவர் நீளத் தடியோடு நின்றதைக் கண்டதாகவும் அது என்னவென்றும் அப்பாவைக் கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். பதில் குசினிக்குள்ளிருந்து வந்தது.

"அது ஏரியல் தம்பி."

வந்தவர் தெருப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "எந்த ஸ்டேசன் அக்கா இழுக்குது?"

"எல்லாம் இழுக்கும்," என்றார் அம்மா.

உடனே என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஓடிப்போய் அந்தச் சனியனை வேலிக்குள் செருகிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லென்று காதுக்குள் சொன்னார். நான் ஓடினேன்.

காரைச் சாரதி வெளியோரம் ஒரு வேப்பமர நிழலில் கொண்டுபோய் விட்டிருந்தான். பின்சீற்றில் ஒரு பெண், மடியில் அர்ச்சனைத் தட்டோடு, கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பொம்பிளை கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது. காருக்குள் இருந்தால் வந்ததாகக் கணக்கில்லைப்போலும். போன அலுவலை மறந்து நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"அந்தா நிக்கிறவர் உமக்கு ஆர்?" என்று கேட்டார். சித்தப்பா என்றேன். "என்ன செய்யிறார்?"

ஏரியல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதுவரை என்னை ஒருவரும் 'நீர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டதில்லை. அதோடு அவர் வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை நான் அடையாளம் காண்பேன், என்னுடைய வருத்தம் அல்லவா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துரை, ஆறு, பொய் இலையான், பாரமில்லாத இறகு, கழுத்தில் விழும் நூல், ஊரார் கேட்ட முள்ளு, பத்து மணி, இரண்டு மணி எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. துரை சொன்னது பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் என்றுதானா என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ஓமென்றேன். சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அவருடைய சுட்டுவிரல் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. பிறகு அர்ச்சனைத் தட்டைச் சீற்றில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். சாரதி திரும்பிப் பார்த்தான்.

வெளிக்குள் நாங்கள் இரண்டுபேரும் வருவதைக் கண்ட சித்தப்பா நூலைக் கழுத்திலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார். சம்பந்தம் பேசக் கொடுத்த படத்தில் பார்த்த முகம் அவருக்கு நினைவிருந்திருக்கும். பொம்பிளை கொஞ்சத் தூரத்தில் நின்றுகொண்டு, சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, உம்மடை சித்தப்பாட்டைச் சொல்லும், துரை சொன்னது நேரம் இல்லையாம்."

நான் திரும்பிச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் என்னிடம், "அப்ப என்னவாம் எண்டு கேள்," என்றார். நான் திரும்பி அவரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கழுத்து நோகத் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகத்தான் கதைத்தார்கள், இருந்தும் ஏன் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கப் பழக்குகிற ரீச்சராம் அவர். "சித்தப்பா ஒரு மணிக்கூட்டுக்கு நடுவிலை நிக்கிறார் எண்டு வையும்," என்றார். "தலைக்கு மேலை பன்ரெண்டு. முன்னுக்குப் பத்து. பின்னுக்கு ரெண்டு. தடி அதுக்கு அங்காலை போகக்கூடாது. தடிதான் முள்ளு."

சித்தப்பா அதை என்னிடமிருந்து கேட்கக் காத்திருக்கவில்லை. நூலைக் கழற்றினார், நேராக நீட்டிப் போட்டார், தடியை எடுத்தார். இரண்டு மணியில் நிறுத்தி உடனே முன்னுக்குக் கொண்டுவந்தார். வெடித்தது.

"பின்னாலை நூல் விரியுமட்டும் நிக்கச் சொல்லும்."

நின்றார். கடையில் பார்சல் கட்டும்போது சணலை இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பட்டென்று அறுப்பாரே, அந்த நிறுத்தம். நூல் அவருக்குப் பின்னால் காற்றில் நீட்டுக்கு விரிந்ததை நான் கண்டேன். பிறகு தடி பத்துக்கு வந்து நின்றது. நூல் தலைக்கு மேலே ஒரு வளையமாக வந்தது, வளையம் உருண்டு உருண்டு முன்னுக்குப் போய்த் திறந்தது, கடைசியாகச் சிவப்புக் கம்பளித் துண்டு புல்லில் இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. நான் கை தட்டினேன்.

கைதட்டலைக் கேட்டுத் திரும்பினால், தெருவில் அப்பாவும் பொம்பிளையின் அண்ணையும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மா, கையில் தேத்தண்ணியோடு. அண்ணை வெளிக்குள் நிற்கிற தங்கச்சியைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏரியல் நல்லா இழுக்குது அண்ணை," என்றார். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். வள்ளம் போய்விடும் என்று தங்கச்சியைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று அப்பா கதிரையில் விழுந்தார். அம்மா முதலில் என் தொடையில் கிள்ளினார், பிறகு அழுதார். சித்தப்பா தடியைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணிப்பைக்குள் வைத்து, அலுமாரிக்கு மேலே தள்ளிவிட்டார். எறிய வந்துவிட்டதே, பிறகேன் இப்படி முகத்தை வைத்திருக்கிறார் என்று எனக்குக் கோபமாக இருந்தது. இரவு நான் பாயில் படுத்திருந்தபோது சித்தப்பா மெல்ல வந்து, ரீச்சர் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தவரா என்று என்னைக் கேட்டார். பார்த்தவர், ஆனால் தடியைத்தான் பார்த்தவர் என்று நான் உள்ளதைச் சொன்னேன். ம் என்றுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அண்ணை தனியாக வந்தார். பொம்பிளை ஓமென்றுவிட்டாராம். ஒருவர் சொன்னதை நம்பி நாலு மணித்தியாலம் வெயிலில் நிற்கிற மனிதருக்குப் பொய் சொல்ல வராது, தனக்கு அது போதும் என்றாராம். அப்பா அதைத் திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்டார். அம்மா மட்டும் அந்தப் பொய்யென்ற சொல் வந்ததும் எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

தடி அலுமாரியிலிருந்து இறங்கியது. இப்போது பின்னேரங்களில்தான் பழகினார், ஊரும் வாயை மூடிக்கொண்டது. நூலைக் கொஞ்சமாக விட்டுத் தொடங்கி, அது சரிவந்த பிறகுதான் மேலும் விட்டார். மணிக்கட்டு மடிந்தால் தடி இரண்டு மணியைத் தாண்டிவிடுகிறது என்று கண்டுபிடித்து, கைக்குட்டையால் கையையும் தடியின் அடியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வெடிச் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டோம், நூல் முதுகில் விழுந்தால் பிந்திவிட்டோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். அம்மா அரிசி புடைக்கிற சுளகைக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்தோம். கலியாணக் கிழமை, எதிர்க்காற்றிலும் சிவப்புநூல் சுளகுக்குள் போய் விழுந்தது. ஒருமுறை இல்லை, நான் அலுத்துப்போய் வீட்டுக்கு வருமட்டும் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போவார். சித்தப்பாவும் தடியும் கரம்பொனுக்குப் போனார்கள். நான் அழுதது யாருக்காக என்று அம்மா கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் விருந்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்ததும் நான் தேடியது தடியைத்தான். வீட்டுக்குப் பின்னால் சித்தப்பா அதோடு நின்றார். சித்தி கதிரையில் இருந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா வீசினார். தடி முதுகு வரை போனது, நூல் முழுவதும் கழுத்தில் மாலையாக விழுந்தது. சித்தி கொப்பியை வைத்துவிட்டு எழுந்துவந்து, நூலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டார். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பத்து, இரண்டு என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அடுத்ததும் விழுந்தது. அதற்கு அடுத்ததும் விழுந்தது. அன்றைக்கு ஒரு சொட்டுக் காற்றும் இல்லை.

"சித்தப்பா, எங்கடை வெளியிலை சுளகுக்குள்ளை எறிஞ்சனீங்கள் எல்லோ?" என்று நான் கத்தினேன்.

சித்தப்பா சக்கரத்தில் ஏதோ பழுது பார்ப்பதுபோலக் குனிந்தார். சித்தி வானத்தைப் பார்த்தார். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குசினிக்குள் இருத்தி, நான் கேட்காமலே வாய் நிறையப் பனங்காய்ப் பணியாரம் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ் தாம்போதியில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். எனக்கு மனம் ஆறவில்லை. சித்தப்பாவுக்குப் பழகினது எல்லாம் ஒரு மாதத்தில் மறந்துபோய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சரியாக எறிந்ததைச் சித்தி தன் கண்ணால் கண்டவர்தானே, ரீச்சராக இருந்தும் அவருக்கும் மறந்துபோய்விட்டது என்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "சில வேளை அப்பிடித்தான் மறந்துபோகும்."

அம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தார், தோள் இரண்டும் குலுங்கின. அம்மாவும் சித்தப்பாவுக்காக அழுகிறார் என்று கண்டதும் எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது. அடுத்த பள்ளிக்கூட விடுமுறைக்குத் தனியாக என்றாலும் கரம்பொனுக்குப் போய், நாள் முழுக்க அவர்கள் இருவரோடும் நின்று, மறந்ததை எல்லாம் நானே முதலிலிருந்து பழக்கிவிட வேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.